அந்த ஸ்கூல் எப்படிங்க அக்கா?

மே மாதம் பாதி கடந்துவிட்டால் என் தையல் கடையில் மெஷின் நிற்காது. ரோட்டுக்கு அந்தப் பக்கம், நேர் எதிரே, அரசு மேல்நிலைப் பள்ளியின் இரும்பு கேட். ஜூன் 1 பள்ளி திறக்கும். அதற்குள் யூனிபார்ம் பிள்ளைகள் கைக்குப் போயாக வேண்டும். தோள், மார்பு, இடுப்பு, உயரம் என்று டேப் ஓடிக்கொண்டிருக்கும்போது, கூட வந்த அம்மாவோ அப்பாவோ அந்தக் கேட்டைப் பார்த்துக்கொண்டே கேட்பார்கள்: "ஏனுங்க அக்கா, இந்த ஸ்கூல் எப்படிங்க? பரவால்லீங்களா?"

துணி வாங்கியாகிவிட்டது. டி.சி. கொடுத்து அட்மிஷனும் போட்டாகிவிட்டது. ஆனாலும் மனசு ஆறாமல் கேட்கிறார்கள். அந்தக் கவலை எனக்குத் தெரியும். என் இரண்டு பிள்ளைகளும் அதே கேட்டுக்குள்தான் போகிறார்கள். அதற்கும் முன்னால் நானே அங்கே தமிழ் டிவிஷனில், அதாவது தமிழில் பாடம் நடக்கும் வகுப்புப் பிரிவில், படித்தவள். மூன்று வருஷமாக பி.டி.ஏ. எக்ஸிகியூட்டிவில், பெற்றோர்-ஆசிரியர் சங்கக் கமிட்டியில், இருக்கிறேன். வாயில் குண்டூசியைக் கடித்துக்கொண்டு "நல்ல ஸ்கூல்தாங்க, போடுங்க" என்று சொல்லி அனுப்புகிற ஒவ்வொரு தடவையும் பாதிதான் சொன்னோம் என்று உறுத்தும். அந்த மீதியை இங்கே எழுதுகிறேன். பள்ளியின் பெயரைப் போடப்போவதில்லை. நான் சொல்லும் குறையும் நிறையும் இந்த எல்லையோரத்தில் இன்னும் பல பள்ளிகளுக்குப் பொருந்தும்.

ஊரைப் பற்றி முதலில் கொஞ்சம். பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகாவின் கிழக்குப் பக்கம். கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி என்று பஞ்சாயத்து பஞ்சாயத்தாகத் தமிழ் பேசுகிறவர்கள் நிறைந்த பகுதி. வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் என்று எந்த செக்போஸ்ட்டைத் தாண்டினாலும் கோயம்புத்தூர் மாவட்டம். வீட்டில் தமிழ், ரேஷன் கடையில் இரண்டும், வில்லேஜ் ஆபீஸில் மலையாளம். பாலக்காடு என்றாலே பழைய மதராஸ் மாகாணத்து மலபார் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள். சித்தூர் அதில் சேராது. அது கொச்சி ராஜாங்கத்தோடு இருந்த துண்டு. 1949ல் திருவிதாங்கூர்-கொச்சி, 1956 நவம்பர் 1 முதல் கேரளம். மலையாளத்தின் எழுத்தச்சன் கடைசிக் காலத்தைக் கழித்ததாகச் சொல்லும் மடம் சித்தூரில் ஆற்றங்கரையில் இருக்கிறது. 1947ல் தொடங்கிய சித்தூர் அரசுக் கல்லூரியில் தமிழ் எம்.ஏ. வரை படிக்கலாம். இரண்டு மொழியும் ஒரே தண்ணீர் குடித்து வளர்ந்த ஊர் இது.

எங்கள் பள்ளி டவுன் முடிந்து தென்னந்தோப்பு ஆரம்பிக்கிற இடத்தில் இருக்கிறது. மலையாளம், இங்கிலீஷ், தமிழ் என்று மூன்று மீடியம். கள் இறக்குகிறவர் மகன், தோப்பு வைத்திருப்பவர் மகள், கஞ்சிக்கோட்டுக் கம்பெனிகளுக்கு ஷிப்டு போகிறவர்களின் பிள்ளைகள் எல்லோரும் ஒரே அசெம்பிளியில் நிற்கிறார்கள்.

பெற்றோர் அபிப்பிராயம் என்று ஊரில் உலவுவது பெரும்பாலும் பஸ் ஸ்டாப்பில் பிறப்பது. காலை எட்டு மணிக்கு மஞ்சள் வேன்கள் எல்லை தாண்டிப் போகும். வேனுக்குக் காத்திருக்கிறவர்கள் பேசுவதைக் கடைக்குள் இருந்தே கேட்கலாம். "கவர்மென்ட் ஸ்கூல்ல யாரு படிக்கறாங்க இப்ப?" "வாத்தியாரே இல்லீங்களாம்." "போன வருஷம் ஃபுல் ஏ பிளஸ் எத்தனைன்னு பாத்தீங்களா?" இதைச் சொல்கிறவர்களில் ஒருவரின் பிள்ளைகூட அந்தக் கேட்டுக்குள் போனதில்லை. அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை, வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி ஃபீஸ் கட்டுகிறவர்கள்தான் அவர்களும். ஆனால் பார்க்காத ஒன்றைப் பற்றி அவ்வளவு உறுதியாகப் பேசக் கூடாது.

எல்லாப் பாடத்திலும் ஏ பிளஸ் கிரேடு வாங்கியவர்கள் எத்தனை என்கிற அந்தக் கணக்கை எடுத்துக்கொள்வோம். ரிசல்ட் வந்த மறுநாள் ஜங்ஷன் முழுக்க ஃப்ளெக்ஸ். "நூறுமேனி", அதாவது நூற்றுக்கு நூறு தேர்ச்சி, என்று கொட்டை எழுத்தில் போட்டு, கீழே ஸ்டாம்பு அளவுப் படங்களில் பிள்ளைகள். கேரளாவில் 2024ல் எஸ்.எஸ்.எல்.சி. தேர்ச்சி 99.69 சதவீதம், 2025ல் 99.5. மாநிலம் முழுக்க ஆயிரம் பேர் எழுதினால் தோற்றவர் ஐந்து பேரைத் தாண்டவில்லை. அப்படியிருக்க, ஒரு பள்ளி நூறு வாங்கியது என்பதை வைத்து அது நல்ல பள்ளியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நான் 2000ல் எழுதியபோது 600க்கு 210 எடுத்தால் பாஸ். அந்த "இருநூற்றுப் பத்து" எங்கள் வீடுகளில் கல்யாணத் தேதி மாதிரிப் பேசப்பட்ட எண். அன்றைக்கு ரிசல்ட் பள்ளியைப் பற்றி ஏதோ சொன்னது. 2005ல் கிரேடு முறை வந்த பிறகு, டி பிளஸ் கிடைத்தால் மேலே போகலாம் என்று ஆனது. அது நல்லதுதான், தோல்வி என்ற ஒரு சொல்லால் படிப்பை விட்ட பெண்களை எனக்குத் தெரியும். ஆனால் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு பள்ளியை எடை போடும் காலம் முடிந்துவிட்டது. பெற்றோர் மட்டும் இன்னும் அதையே பிடித்திருக்கிறார்கள்.

இன்னொரு பேச்சு இருக்கிறது. அதை என்னால் அவ்வளவு சுலபமாகத் தள்ள முடியவில்லை. போன மே மாதம் ஒரு அம்மா, ஐந்தாம் கிளாஸ் முடித்த மகனைக் கூட்டிவந்து சட்டைக்கு அளவு கொடுத்தார். கொடுத்துவிட்டு, "பொள்ளாச்சில எங்கம்மா வூட்டுல வுட்டுப் படிக்க வெச்சரலாமான்னு இருக்குதுங்க்கா" என்றார். காரணத்தையும் விரல் விட்டு எண்ணினார். தமிழ்நாட்டில் ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை அரசுப் பள்ளியில் படித்தால் டாக்டர் படிப்புக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. 2020ல் வந்தது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகிற பெண்பிள்ளைக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய், 2022 முதல். பையன்களுக்கும் தமிழ்ப் புதல்வன் என்று 2024ல் வந்துவிட்டது. "நம்ம புள்ளைகளும் தமிழ்லதான படிக்குது, கவர்மென்ட் ஸ்கூல்தான? நமக்கு மட்டும் ஏன் இல்லீங்க?"

நான் டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அவர் கேட்டது நியாயம். எட்டுக் கிலோமீட்டர் கிழக்கே பிறந்திருந்தால் கிடைத்திருக்கும் ஒன்று, அதே தமிழில் படிக்கிற நம் பிள்ளைக்கு இல்லை. இந்தப் பக்கத்திலும் சிலது உண்டு. கேரள அரசு வேலைக்கு ஆள் எடுக்கும் பி.எஸ்.சி.யில் தமிழும் மலையாளமும் தெரிந்தவர்களுக்கென்று எல்.டி. கிளார்க் வேலை தனியாக வரும். தமிழ் மீடியம் பள்ளிகளுக்கு ஆசிரியர் வேலையும் அப்படித்தான். 1969ன் ஆட்சிமொழிச் சட்டப்படி, தமிழில் மனு எழுதி மாநில அரசுக்குக் கொடுக்கும் உரிமை நமக்கு இருக்கிறது. தொடக்கக் கல்வி தாய்மொழியில் கிடைக்க வழி செய்ய வேண்டும் என்று அரசியல் சட்டத்தில் 350ஏ பிரிவே 1956ல் சேர்த்தார்கள், மாநிலங்களைப் பிரித்துக் கோடு போட்ட அதே வருஷம். இதையெல்லாம் சொன்னேன். அவர் தலையாட்டினார். ஆனால் மாதம் ஆயிரம் ரூபாய்க்கு முன்னால் சட்டப் பிரிவு எண் நிற்காது என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

"கால் மடிப்புல மூணு இஞ்சு உள்ள வுடுங்க்கா" என்று சொல்லிவிட்டுப் போனார். பிள்ளை வளர வளரப் பிரித்துவிட்டுக் கொள்ள. இங்கே எல்லோரும் அப்படித்தான் தைக்கச் சொல்வார்கள். வருஷம் போகப் போக மடிப்பை இறக்கினால், பழைய கோடு வெளுப்பாகத் தெரியும். ஒன்பதாம் கிளாஸ் பையன் ஒருவனின் பேண்ட்டில் அந்தக் கோடு இரண்டு இருந்தது. அம்மா இல்லாத பையன். அப்பா தோப்பில் கள் இறக்குகிறவர். அவரிடம் நான் திருப்பிக் கேட்டேன், உங்களுக்கு இந்த ஸ்கூல் எப்படி என்று. அவர் யோசித்துச் சொன்னார்: "ரெண்டு நாள் பையன் போகலீங்க. எனக்கே தெரியாது. ராத்திரி ஏழு மணிக்கு டீச்சர் போன் பண்ணி, ஏன் வரலைன்னு கேட்டாங்க. மரத்துல இருந்து எறங்கித்தான் பேசினேன்." அவ்வளவுதான் சொன்னார். ஃப்ளெக்ஸில் போட முடியாத ரிசல்ட் அது.

பெற்றோர் பேசிக் கேட்டுக் கேட்டு, பிள்ளைகளிடம் யாருமே கேட்பதில்லையே என்று எனக்குத் தோன்றியது. டிசம்பரில், கிறிஸ்துமஸ் பரீட்சைக்கு முன்னால், பி.டி.ஏ. கூட்டத்தில் சொன்னேன்: எட்டு, ஒன்பது, பத்து மூன்று வகுப்பும் ஆளுக்கு ஒரு துண்டுச் சீட்டு, பெயர் போட வேண்டாம், பள்ளியில் பிடித்தது ஒன்று, பிடிக்காதது ஒன்று எழுதட்டும். சிலர் வேண்டாம் என்றார்கள், பிள்ளைகள் வாத்தியார்களைப் பற்றி எழுதிவிடும் என்று. எச்.எம். டீச்சர் தயங்கி, பிறகு ஒத்துக்கொண்டார். கடையிலிருந்த பட்டன் டப்பாவைக் காலி செய்து கொண்டுபோய் வைத்தேன். மூடியில் ஓட்டை போட்டுக் கொடுத்தது என் மகன்.

அந்தச் சீட்டுகளை நாங்கள் ஐந்து பேர் உட்கார்ந்து படித்தோம். ஏ பிளஸ் என்ற சொல் ஒரு சீட்டில்கூட இல்லை.

பெண்பிள்ளைகள் எழுதியதில் முக்கால்வாசி பாத்ரூம். மதியத்துக்கு மேல் தண்ணீர் வருவதில்லை. ஒரு கதவில் தாழ்ப்பாள் இல்லை, அதனால் கூட்டாளியைக் காவலுக்கு நிறுத்திவிட்டுத்தான் போகிறார்கள். ஒரு பெண் எழுதியிருந்தாள்: "காலையில் இருந்து தண்ணீர் குடிக்க மாட்டேன்." என் மகளும் அதே பள்ளிதான். வீட்டுக்கு வந்ததும் செம்பு செம்பாகக் குடிப்பாள். வெயில் என்று நினைத்திருந்தேன். மூன்று வருஷம் கமிட்டியில் உட்கார்ந்து, கட்டடம், பெயின்ட், ஆண்டு விழாப் பந்தல் என்று பேசியிருக்கிறோம். மோட்டார் ஸ்விட்ச் போடுகிறவர் மதியம் வீட்டுக்குப் போய்விடுகிறார் என்ற ஒரு விஷயம் எங்கள் காதுக்கு வந்ததே இல்லை. அந்தச் சீட்டைப் படித்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது. அடுத்த திங்கட்கிழமையே சரி செய்தோம். தாழ்ப்பாளுக்கு ஆன செலவு நூறு ரூபாய்க்குள்.

ஒன்பதாம் கிளாஸ் சீட்டுகளில் சோறு. மதியச் சாப்பாடு எட்டாம் கிளாஸ் வரைதான். போன மார்ச் வரை தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்ற பிள்ளைக்கு ஜூனில் அது கிடையாது. "எட்டுல பசிக்கும், ஒன்பதுல பசிக்காதா?" என்று ஒருவன் கேட்டிருந்தான். பாத்திரத்தில் மிஞ்சினால் ஆயா கூப்பிட்டுக் கொடுப்பார், அதற்காகச் சமையல்கட்டுப் பக்கமாகவே சிலர் சுற்றிக்கொண்டிருப்பார்கள் என்று டீச்சர் சொன்னார். கமிட்டியில் இதற்கு இன்னும் வழி காணவில்லை.

பிடித்தது என்ற பக்கத்தில் எழுதியதும் நான் எதிர்பார்க்காததுதான். லிட்டில் கைட்ஸ் என்ற கம்ப்யூட்டர் கிளப்பில் அனிமேஷன் செய்வது. சனிக்கிழமை வந்து கற்றுத்தருகிற சார். கலோத்சவம் என்கிற கேரளப் பள்ளிக் கலைவிழாவில் தமிழ்ப் பத்யம் சொல்லல் போட்டிக்குப் போய் வந்தது. கலோத்சவ மேடையில் தமிழில் செய்யுள் சொல்லவும் பேசவும் போட்டி உண்டு. அதில் எங்கள் பிள்ளைகள்தான் மாவட்ட அளவில் போய் நிற்பார்கள். ஒருத்தி எழுதியது: "அசெம்பிளில தமிழ்ல உறுதிமொழி சொன்ன அன்னிக்கு." மலையாளம் டிவிஷன் பையன் ஒருவன் எழுதியது எனக்கு மனப்பாடம். "தமிழ் டிவிஷன்காரங்க சாப்பாடு நல்லா இருக்கும்" என்று மலையாளத்தில் எழுதியிருந்தான். பிள்ளைகளுக்கிடையே மொழிச் சண்டை இல்லை. அதை உருவாக்குவதெல்லாம் பெரியவர்கள். இன்னொரு சீட்டு: பாலக்காடு மாவட்டத்துக்குப் பொங்கலுக்கு லோக்கல் லீவு இருக்கிறது, ஓணத்துக்குப் பள்ளியில் பூக்களம் போடுகிற மாதிரி பொங்கலுக்கு முன் தினம் ஏன் ஒன்றும் செய்வதில்லை? இந்த ஜனவரியில் மைதானத்து ஓரத்தில் பானை வைத்தோம். மூன்று மீடியமும் குலவையிட்டது.

இப்போது தமிழ் டிவிஷனின் உண்மையான குறைக்கு வருகிறேன். பஸ் ஸ்டாப்பில் யாரும் இதைப் பேசுவதில்லை. அவர்களுக்குத் தெரியாது. பிள்ளைகளுக்குத் தெரியும்.

"எங்க கணக்கு சார் ரொம்ப நல்லவரு. போன மாசம் போயிட்டாரு." ஒரே மாதிரி ஏழெட்டுச் சீட்டு. அவர் தினக்கூலி ஆசிரியர். நிரந்தர போஸ்ட்டில் ஆள் வராததால் ஒவ்வொரு ஜூனிலும் இன்டர்வியூ வைத்து ஒருவரை எடுப்போம். வேறு ஊரில் நல்ல வேலை கிடைத்தால் அவர் போய்விடுவார். அவர்மேல் தப்பில்லை. அடுத்தவர் வரும்வரை வகுப்பு சும்மா உட்கார்ந்திருக்கும். வந்தவருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. போர்டில் மலையாளத்தில் எழுதுவார், பிள்ளைகள் புத்தகத்தைத் தமிழில் வைத்துக்கொண்டு எது எது என்று பொருத்திப் பார்ப்பார்கள். காசர்கோட்டில் கன்னட மீடியம் பிள்ளைகளும் பெற்றோரும் இதற்காகவே போராடினார்கள், தங்கள் மொழி தெரியாத ஆசிரியர் வேண்டாம் என்று. இங்கே நாங்கள் போராடவில்லை. சத்தமில்லாமல் டி.சி. வாங்கிக்கொண்டு போகிறோம்.

என் மகள் பத்தாம் கிளாஸ் படித்தபோது ஒரு பரீட்சை முடிந்து வந்து பையை எறிந்துவிட்டு அழுதாள். கெமிஸ்ட்ரி. கேள்வித்தாளை நான் வாங்கிப் பார்த்தேன். பாடப்புத்தகத்தில் "செறிவு" என்று படித்திருக்கிறார்கள், கரைசலில் ஒரு பொருள் எவ்வளவு கலந்திருக்கிறது என்பதற்கு. கேள்வியில் "அடர்த்தி" என்று வந்திருந்தது. அடர்த்தி என்றால் வேறு. அது அவளுக்கு நன்றாகத் தெரியும், அதனாலேயே அடர்த்தியைப் பற்றிப் பக்கம் நிறைய எழுதிவிட்டு வந்திருக்கிறாள். படிக்காத பிள்ளை "என்னமோ" என்று எதையாவது கிறுக்கிவிட்டு வந்திருக்கும். படித்த பிள்ளைக்குத்தான் நஷ்டம். மலையாளத்திலிருந்து தமிழாக்குகிறபோது, பாடப்புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துச் சரிபார்க்க ஒரு ஆள் இருந்தால் போதும், நடந்திருக்காது. அந்த ஒரு மார்க் அவளுக்குப் பின்னால் கிடைத்தது, டீச்சர் எழுதிப் போட்டு வாங்கிக் கொடுத்தார். ஆனால் அன்றைக்கு இரவு அவள் கேட்டாள்: "அம்மா, நான் இங்கிலீஷ் மீடியத்துலயே படிச்சிருக்கணுமோ?" தமிழ் டிவிஷனில் சேர்த்தது நான். பதில் சொல்லத் தெரியாமல் அவள் தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் கேள்வி எனக்குப் புதிதில்லை. 2000ல் பத்து பாஸ் பண்ணி, பிளஸ் ஒன் காமர்ஸ் சேர்ந்தேன். பத்து வருஷம் தமிழில் படித்தவளுக்குப் புத்தகம் இங்கிலீஷில், விளக்கம் மலையாளத்தில். ரேஷன் கடையில் பேசுகிற மலையாளம் எனக்கு வரும். வகுப்பறை மலையாளம் வேறு. முன் பெஞ்சில் உட்கார்ந்து, வாய் அசைவதைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். சந்தேகம் கேட்க எழுந்தால் தமிழ் வந்துவிடும், உட்கார்ந்துவிடுவேன். ஓணப் பரீட்சைக்குப் பிறகு போகவில்லை. அக்கவுண்டன்சி புத்தகம் பரணில் ரொம்ப நாள் கிடந்தது. என்னோடு தமிழ் டிவிஷனில் இருந்த பெண்களில் பிளஸ் டூ முடித்தவர்கள் சொற்பம். பள்ளி நல்ல பள்ளிதான், டீச்சர்கள் நல்லவர்கள்தான். பத்தாம் கிளாஸுக்கும் பதினொன்றாம் கிளாஸுக்கும் நடுவே இருந்த அந்தப் பள்ளத்தில் ஒரு பலகை போட யாருக்கும் தோன்றவில்லை.

என் மகளும் அதே பள்ளத்தில் போன ஜூனில் இறங்கினாள், அதே காமர்ஸ். நான் பயந்துபோய் இருந்தேன். ஆனால் இந்த முறை பிளஸ் டூ படிக்கிற பெண்கள் இரண்டு பேர், தமிழ் டிவிஷனில் இருந்து போனவர்கள், ஒரு நோட்டைக் கொடுத்தார்கள். மூன்று பத்தி: இங்கிலீஷ், மலையாளம், தமிழ். அவர்களுக்கும் முந்தைய செட் ஆரம்பித்த நோட்டு. அட்டை போய், நூல் பிரிந்து இருந்தது. நான்தான் கடையில் கனமான நூல் போட்டுத் தைத்துக் கொடுத்தேன். ஒரு நாள் சாயங்காலம் ஓடி வந்தாள். "அம்மா, டெப்ரிசியேஷனுக்கு சார் 'தேய்மானம்'னு சொன்னாரும்மா. மலையாளத்துலயும் அதே வார்த்தைதான்!" அந்த வரியில் மலையாளப் பத்தியிலும் தமிழ்ப் பத்தியிலும் ஒரே சொல்லை எழுதி வைத்திருந்தாள். என் பத்து வயது மெஷினைத் தடவிப் பார்த்துவிட்டு, இதுக்கு இப்ப எவ்வளவு தேய்மானம் என்று கணக்குப் போட்டாள். பிளஸ் ஒன் முடித்துவிட்டாள். எட்டாம் கிளாஸ் தொடங்கியே தமிழ் டிவிஷனுக்கு அந்த நோட்டைப் போல ஒன்றை அச்சடித்துக் கொடுக்க வேண்டும் என்று கமிட்டியில் கேட்டிருக்கிறேன்.

இனி, இந்த எழுத்தையே எழுத வைத்த விஷயம். ஆறாம் வேலை நாள்.

எங்கள் பக்கத்து விவசாயிகளுக்கு ஒரு எண் மனப்பாடம்: 7.25. பரம்பிக்குளம் - ஆளியாறு ஒப்பந்தப்படி வருஷத்துக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் மணக்கடவு அணைக்கட்டு வழியாக சித்தூர்ப் புழைக்கு வர வேண்டும். ஒரு சொட்டுக் குறைந்தால் ரோட்டில் உட்கார்ந்துவிடுவார்கள். அப்படித்தான் செய்ய வேண்டும். ஆனால் பிள்ளைகளின் தலையை எண்ணும் நாள் எது என்று கேட்டால் பலருக்குத் தெரியாது. பள்ளி திறந்து ஆறாவது வேலை நாள் அன்று எத்தனை பிள்ளைகள் என்று கணக்கெடுப்பார்கள். சம்பூர்ணா என்ற ஆன்லைன் பதிவில் ஏற்றுவார்கள். அந்த எண்ணை வைத்துத்தான் எத்தனை டிவிஷன், எத்தனை ஆசிரியர் போஸ்ட் என்று முடிவாகும். எண்ணிக்கை குறைந்தால் டிவிஷன் போகும். டிவிஷன் போனால் போஸ்ட் போகும். போன போஸ்ட் திரும்பி வருவது லேசில்லை.

இப்போது பஸ் ஸ்டாப்புக்குத் திரும்பப் போங்கள். "அங்க வாத்தியாரே இல்லீங்களாம்" என்று ஒருவர் மே மாதம் சொல்கிறார். கேட்ட நான்கு பேரில் ஒருவர் பிள்ளையை வேறு இடத்தில் போடுகிறார். ஆறாம் நாள் தலை ஒன்று குறைகிறது. அப்படிக் குறைந்து குறைந்து ஒரு வருஷம் டிவிஷன் விழுகிறது, ஆசிரியர் வேறு பள்ளிக்கு மாற்றலாகிறார். அடுத்த மே மாதம் அதே ஆள் அதே இடத்தில் நின்று சொல்கிறார், "நான் அப்பவே சொன்னேன்ல." மே மாதத்தில் பொய்யாக இருந்த பேச்சை எல்லோரும் சேர்ந்து அடுத்த மே மாதத்துக்குள் நிஜமாக்கிவிட்டோம். ஒரு துணிக்கடையைப் பற்றிச் சொல்லும் அபிப்பிராயம் போல இது இல்லை. இங்கே அபிப்பிராயமே ஆளை எடுத்துவிடும்.

என் அளவு நோட்டுகளைப் புரட்டினால் தெரிகிறது. தமிழ் டிவிஷன் பிள்ளைகளின் பெயருக்குப் பக்கத்தில் "த" என்று குறித்து வைப்பேன். கடை தொடங்கிய வருஷத்து நோட்டில் பக்கத்துக்குப் பக்கம் "த". இப்போது தேடிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இதற்காகக் குறையை மறைக்கச் சொல்லவில்லை. பாத்ரூமை மறைத்திருந்தால் அந்தப் பெண் இன்றும் தண்ணீர் குடிக்காமல்தான் இருப்பாள். குறையை உள்ளே வந்து சொல்லுங்கள் என்கிறேன். பி.டி.ஏ. பொதுக்கூட்டத்துக்கு வருகிறவர்களைப் பார்த்தால் மனசு கனக்கிறது. அப்பாக்கள் கேட்டோடு நின்றுவிடுவார்கள். அம்மாக்கள் கையெழுத்துப் போட்டுவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று எழுந்துவிடுவார்கள், அவர்களுக்குக் கூலி போகும். தமிழில் பேசலாமா என்று தயங்கி வாய் திறக்காதவர்கள் நிறைய. பேசலாம். நான் தமிழில்தான் பேசுகிறேன், மினிட்ஸில் மலையாளத்தில் எழுதிக்கொள்கிறார்கள்.

அந்த பொள்ளாச்சி அம்மா சட்டை வாங்க வந்தபோது நான் இதையெல்லாம் சொன்னேன். ஒன்றையும் குறைக்கவில்லை, கணக்கு சார் போனது, கேள்வித்தாள், பிளஸ் ஒன் பள்ளம், எல்லாம். அவர் கேட்டுவிட்டு, "நீங்க உங்க பையனை இங்கதானுங்க வெச்சிருக்கீங்க?" என்றார். ஆமாம் என்றேன். எட்டாம் கிளாஸ், தமிழ் டிவிஷன். அவர் ஒன்றும் சொல்லாமல் பணத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். பையன் பொள்ளாச்சிக்குத்தான் போனான். அவர் கணக்கில் தப்பு இருப்பதாக என்னால் சொல்ல முடியவில்லை.

இந்த வருஷம் ஆறாம் நாள் சாயங்காலம், தமிழ் டீச்சர் ரோட்டைக் கடந்து கடைக்கு வந்தார். முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். டிவிஷன் தப்பிவிட்டது. இரண்டு பிள்ளைகள் குறைந்திருந்தால் போயிருக்கும். ஸ்டூலை இழுத்துப் போட்டேன், உட்கார்ந்து ஒரு டம்ளர் மோர் குடித்தார். கணக்கு போஸ்ட் இன்னும் காலிதான்.

தினக்கூலி இன்டர்வியூ வரும் புதன்கிழமை. சர்டிபிகேட் பார்த்த பிறகு, வருகிறவர்களைத் தமிழ் டிவிஷனில் பத்து நிமிஷம் ஒரு கணக்கு நடத்திக் காட்டச் சொல்ல வேண்டும், போர்டில் தமிழில் எழுதி, என்று கேட்டிருந்தேன். எச்.எம். டீச்சர் சரி என்றார். அன்றைக்கு மதியம் வரை கடை லீவு. கடைசி பெஞ்சில் நானும் உட்காரப்போகிறேன், எனக்குப் பக்கத்தில் ஒன்பதாம் கிளாஸ் பிள்ளைகள் இரண்டு பேர், புரிந்ததா இல்லையா என்று சொல்ல.